டுவோலிங்கோவா, குவில்லா, கிராமர்லியா?

தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். "சார், கிராமருக்கு எந்த ஆப் போடலாம்?" என்று முதல் வாரமே கேட்டுவிடுவார்கள். டுவோலிங்கோ, கிராமர்லி என்ற பெயர்கள் அவர்களுக்கே தெரியும். மூன்றாவதாக நான் குவில்லைச் சேர்ப்பேன்.

டுவோலிங்கோவை முதலில் முடித்துவிடலாம். மொழி கற்றுத்தரும் இந்த ஆப் 2012-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தினமும் பத்து நிமிஷம் ஆளை உட்கார வைப்பதில் அதை மிஞ்ச முடியாது. ஒரு நாள் விட்டால் விடாமல் படித்த நாட்களின் கணக்கு அறுந்துவிடுமே என்று பஸ்ஸில் நின்றுகொண்டே பாடத்தை முடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பல பயிற்சிகளில் வேலை என்பது சொற்கட்டங்களைத் தட்டுவதுதான். 'கோஸ்' என்ற கட்டம் கண்ணெதிரே கிடந்தால் யாரும் தட்டிவிடுவார்கள். அதே பிள்ளை வெற்றுத்தாளில் 'ஷீ கோ' என்று எழுதும். பார்த்து அடையாளம் காண்பது வேறு, மனதிலிருந்து எடுத்து எழுதுவது வேறு.

இலக்கணத்துக்கு என்று கேட்டால் என் ஓட்டு குவில்லுக்கு. நியூயார்க்கில் இயங்கும் லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் இணையதளம் அது. மாணவர்களுக்குக் காசு கிடையாது. அதன் 'கனெக்ட்' பகுதியில் இரண்டு மூன்று குட்டி வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்வார்கள். நம்மவர்கள் இடறுவது சரியாக அங்கேதான். "நேற்று வந்த பையன்" என்று பெயரெச்சத்தை முன்னால் போட்டுவிட்டு நாம் போய்க்கொண்டே இருப்போம். ஆங்கிலத்தில் பையனை முதலில் நிறுத்தி, 'ஹூ கேம் எஸ்டர்டே' என்று விவரத்தைப் பின்னால் இழுத்து வர வேண்டும். "எழுந்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினேன்" என்பதில் கடைசி வினை மட்டும் காலம் காட்டினால் போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் காலம் காட்ட வேண்டும்: 'கெட்' 'காட்' ஆக வேண்டும், 'ஈட்' 'ஏட்' ஆக வேண்டும். பிள்ளைகள் இதற்குப் பயந்து மூன்று சொல்லில் ஒரு வாக்கியம் எழுதி நழுவிவிடுவார்கள். கனெக்ட் நழுவ விடாது. முழு வாக்கியத்தையும் தானே தட்டச்சு செய்ய வேண்டும். தப்பென்றால் ஒரு குறிப்பு வரும், மறுபடி எழுத வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளை மனதில் வைத்துச் செய்தது என்பதால் பத்திகளில் வரும் ஊரும் உணவும் அந்நியமாக இருக்கும். இருக்கட்டும், அதுவும் வாசிப்புதானே. சின்ன போன் திரையில் முழு வாக்கியம் அடிப்பதுதான் நிஜமான தொல்லை.

கிராமர்லி 2009-ல் உக்ரைனியர் மூவர் தொடங்கியது. அது பயிற்சிக் கருவியே அல்ல, திருத்தித் தரும் கருவி. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதி, அது கோடிட்டுக் காட்டும் இடத்தைத் தட்டினால் வாக்கியம் சரியாகிவிடும். எழுதியவர் அப்படியேதான் இருப்பார். அதனால் என் வகுப்பில் தாளில் எழுதிய பிறகே அதில் ஏற்றலாம். கோடு விழுந்த இடத்தில் ஏன் விழுந்தது என்று தமிழில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் தட்ட வேண்டும். திட்டிக்கொண்டே எழுதுகிறார்கள்.

மூன்றையும் வைத்துக்கொண்டாலும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ' போடுவதா 'தி' போடுவதா என்ற தகராறு தீராது. விதி சொல்கிறார்கள், ஆனால் அந்த வேறுபாடு தமிழில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை விதி காட்டாது. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம், 'எ புக்'. "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம், 'தி புக்'. இந்த இரண்டாம் வேற்றுமை 'ஐ'யைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாதிப் பேருக்குச் சட்டென்று பிடிபடுகிறது. ஆட்களுக்கு இது செல்லாது, "பையனைப் பார்த்தேன்" என்றுதான் எப்போதும் சொல்வோம். எழுவாய்க்கும் செல்லாது. "சூரியன் உதித்தது" என்பதில் 'ஐ' எங்கே இருக்கிறது? அதற்கு இன்னொரு மாலை வேண்டும்.