கேஎல்ல (கோலாலம்பூர்ல) பார்த்த புது ‘மேடம் பட்டர்ஃபிளை’

ஓபரா, அதாவது பாட்டாவே நடக்குற மேல்நாட்டு இசை நாடகம், அதெல்லாம் நமக்கு எதுக்குன்னு நினைக்கிறவங்க கண்டிப்பா இத பாருங்க. இத்தாலி இசையமைப்பாளர் புச்சினி 1904-ல மிலான்ல போட்டப்ப ஜனங்க கூச்சல் போட்டு கவுத்த நாடகம், திருத்தி அதே வருசம் பிரெஷியாவுல போட்டு ஜெயிச்சாரு. இப்ப கேஎல்ல ஒரு சின்ன அரங்கத்துல நம்ம பசங்க இந்தக் காலத்துக்கு மாத்திருக்காங்க, பாட்டு இத்தாலியன்லயேதான், ஆனா ஒரே ஒரு பியானோ, கதை நடக்குற ஜப்பான் நாகசாகி வீடு ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஆயிடுச்சு. விட்டுட்டுப் போன அமெரிக்கப் புருசனுக்காக நாயகி ராத்திரி பூரா காத்திருக்கிற இடத்துல கோரஸ் வாயத் திறக்காம முனகும்ல, அப்ப மேடையே இருட்டு, அவ முகத்துல போன் வெளிச்சம் மட்டும், மெசேஜ் போயிருக்கு, ப்ளூ டிக் விழல, பக்கத்து சீட்டு அக்கா தேம்பித் தேம்பி அழுதுட்டாங்க.

கதையில பொண்ணுக்கு 15 வயசுதான், வழக்கமா பெரிய பாடகிங்க பாடுறதால அது நமக்கு உறைக்கவே உறைக்காது, இங்க ஸ்கூல் பையோட வர்றா, ஒரு பச்சப் புள்ளைய ஏமாத்துன கதை இதுன்னு சுருக்குனு தைக்குது. கடைசியில குழந்தையோட கண்ண கட்டி கையில அமெரிக்கக் கொடி குடுப்பால்ல, அந்தக் கொடிக்குப் பதிலா பாஸ்போர்ட் வச்சிருக்காங்க, அருமை.

சப்டைட்டில் ஸ்கிரீன் ரொம்ப மேல இருக்கு, முன்வரிசை வேணாம், நடுவுல சீட்டு எடுங்க.