லிங்கன் கான்டினென்டல்: எந்த தலைமுறைய வாங்கலாம், எத பாத்துட்டு மட்டும் வரலாம்

நேரா தீர்ப்ப சொல்லிடறேன், முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். ஃபோர்டோட லக்சுரி பிராண்டான லிங்கன் செஞ்ச கான்டினென்டல் கார்ல ஒன்னே ஒன்னு தான் வாங்கணும்னா 1961ல இருந்து 1963 வரைக்கும் வந்தது. அவ்ளோ காசு இல்ல, பழைய கார கட்டி மேய்க்க நேரமும் இல்ல, தினம் ஆபீஸ் போயிட்டு வரணும்னா 2017ல இருந்து 2020 வரைக்கும் வந்தது. நடுவுல வந்ததெல்லாம் கார் ஷோல பாத்து ரசிக்கலாம், சிலத பாத்து சிரிக்கலாம், காசு குடுத்து வீட்டுக்கு கொண்டு வர வேண்டாம். 1956 மார்க் டூ மட்டும் இந்த கணக்குல வராது, அது வேற லெவல், நம்ம பட்ஜெட்லயும் வராது.

ஏன் இப்படி சொல்றேன்னா, இந்த கார் எப்பல்லாம் எதையாவது கழிச்சு கட்டினாங்களோ அப்பல்லாம் நல்லா வந்திருக்கு, எப்பல்லாம் நீளம், க்ரோம், வெல்வெட்டுனு ஏத்திக்கிட்டே போனாங்களோ அப்பல்லாம் கெட்டுப் போயிருக்கு. கெட்டுப் போச்சுன்னா விக்கலனு அர்த்தம் இல்ல, அதுதான் இதுல கொடுமையே, அத கீழ சொல்றேன்.

மொதல்ல இது கம்பெனி திட்டமே கெடையாது. ஹென்றி ஃபோர்டோட ஒரே பையன் எட்செல் ஃபோர்ட், அப்பாவுக்கு கார்னா இரும்பும் இஞ்சினும், பையனுக்கு ரசனை. 1939ல புளோரிடாவுக்கு லீவுக்கு போறப்ப ஓட்டறதுக்கு ஐரோப்பிய ஸ்டைல்ல ஒரு வண்டி வேணும்னு டிசைனர் பாப் கிரெகோரிகிட்ட சொல்றார். கிரெகோரி அப்ப விக்கிட்டிருந்த லிங்கன் ஸெஃபிரோட வரைபடத்த எடுத்து, அதுக்கு மேலயே கோடு போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஸ்கெட்ச முடிச்சிட்டார்னு சொல்வாங்க. பானெட்ட நீளமாக்கி, மொத்த உடம்பையும் தாழ்த்தி, க்ரோமெல்லாம் கொறச்சு, ஸ்டெப்னிய பின்னாடி வெளிய நிக்க வச்சாச்சு. புளோரிடாவுல எட்செலோட பணக்கார சிநேகிதங்க அத பாத்துட்டு எனக்கொன்னு உனக்கொன்னுனு கேக்க ஆரம்பிச்சதும் 1940 மாடலா கடைக்கு வந்துடுச்சு. 1951ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் எட்டு கார கலைப்பொருளா காட்சிக்கு வச்சப்ப அதுல ஒன்னு 1941 கான்டினென்டல்.

ஆனா இஞ்சின பத்தி யாரும் புகழ்ந்து பேச மாட்டாங்க. 4.8 லிட்டர் வி12, பேரு பெருசு, பவர் 120 குதிரைக்கு பக்கத்துல தான். சூடாகும், உள்ள ஆயில் கசடு கட்டும், அதனாலேயே நெறைய பேர் அத தூக்கிப் போட்டுட்டு வி8 மாட்டிக்கிட்டாங்க, இன்னைக்கு ஒரிஜினல் வி12ஓட ஒன்னு ஒழுங்கா ஓடுதுன்னா ஓனருக்கு கை குடுக்கணும். நடுவுல உலகப்போர், 1943ல எட்செல் சாவு, அப்புறம் 1946ல மறுபடி அதே கார கனமான க்ரில்லோட வித்து 1948ல நிறுத்திட்டாங்க.

எட்செலோட பையன் வில்லியம் கிளே ஃபோர்ட் அப்பா பேர காப்பாத்தணும்னு 1956ல செஞ்சது தான் மார்க் டூ. இதுக்குனு தனி டிவிஷன், காருல லிங்கன்ங்கற பேரே இருக்காது, கான்டினென்டல் மட்டும் தான். விலை கிட்டத்தட்ட 10,000 டாலர், அந்த காலத்துல அது வீடு வாங்கற காசு. ஆப்ஷன் லிஸ்ட்ல இருந்தது ஏசி ஒன்னு மட்டும் தான், மத்ததெல்லாம் ஏற்கனவே உள்ள இருக்கு. எல்லா அமெரிக்க காரும் ராக்கெட் மாதிரி வால் வச்சு சுத்தின வருஷத்துல இது மட்டும் வால் இல்லாம, ரெண்டு கலர் பெயின்ட் இல்லாம, அமைதியா நின்னுச்சு. சினாட்ரா வாங்கினார், எல்விஸ் வாங்கினார், எலிசபெத் டெய்லர்கிட்ட ஒன்னு இருந்துச்சு. மொத்தம் சுமார் 3,000 கார், ஒவ்வொன்னுலயும் ஃபோர்டுக்கு நஷ்டம். 1957ஓட கடைய சாத்தியாச்சு.

அடுத்து வந்தது 1958. இத ஒரு தடவ நேர்ல பாத்துடுங்க, ஏன்னா போட்டோல நம்ப முடியாது. கிட்டத்தட்ட 19 அடி நீளம், ஹெட்லைட்ட சாய்ச்சு வச்சு மூஞ்சிய கோவமா ஆக்கி, பின் கண்ணாடிய உல்ட்டாவா உள்பக்கமா சாய்ச்சு, அது பட்டன் அழுத்தினா கீழ எறங்கும் (இந்த ஒரு விஷயம் எனக்கு புடிக்கும், புகை புடிக்கறவங்களுக்காகவே கண்டுபுடிச்ச மாதிரி). உள்ள ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். சேசிஸ் தனியா இல்லாம உடம்பே சட்டமா இருக்கற முறையில இவ்ளோ பெரிய காரு கட்டினது அப்ப பெரிய சாதனை தான், ஆனா அமெரிக்காவுல பொருளாதாரம் சறுக்கின வருஷத்துல இத யார் கேட்டா? 1958, 59, 60 மூணு வருஷத்துல லிங்கனுக்கு 6 கோடி டாலர் நஷ்டம். ஃபோர்டுல அப்ப மேல இருந்த ராபர்ட் மெக்னமாரா கணக்கு பாத்துட்டு லிங்கனையே மூடிடலாமானு யோசிச்ச நேரம் அது.

இங்க தான் கதை திரும்புது. ஃபோர்டோட இன்னொரு காரான 1961 தண்டர்பேர்டுக்கு ரெண்டு டீம் டிசைன் போட்டி போட்டாங்க, அதுல எல்வுட் எங்கல்னு ஒருத்தர் செஞ்ச களிமண் மாடல் தோத்துப் போச்சு. தோத்த மாடல மெக்னமாரா பாத்துட்டு, இத கொஞ்சம் இழுத்து நாலு கதவு வச்சு லிங்கன் ஆக்க முடியுமானு கேட்டாராம். ஆக்கினாங்க. ரேசர்ல சீவின மாதிரி சைடு, மேல் விளிம்புல முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் ஒரே ஒரு மெல்லிசு க்ரோம் கோடு, வால் இல்ல, கொம்பு இல்ல. போன வருஷ கார விட ஒரு அடிக்கு மேல நீளம் கம்மி. அமெரிக்கால லக்சுரி காரு அடுத்த வருஷம் சின்னதா வர்றதுங்கறது அப்ப கேள்விப்படாத விஷயம்.

அந்த பின்பக்க கதவு எதிர்ப்பக்கமா தொறக்கறது எல்லாருக்கும் தெரியும், சூசைட் டோர்னு பேர் வேற. நெறைய பேர் அத சும்மா ஸ்டைலுக்குனு நெனைக்கறாங்க, அப்படி இல்ல. காரு சின்னதானதும் பின் சீட்ல இருந்து எறங்கறப்ப இஞ்சினியருங்களுக்கே கால் கதவுல இடிச்சுதாம், கதவ திருப்பி மாட்டினா பிரச்சன தீந்துச்சு. ஓடும்போது தொறந்துக்கக் கூடாதுனு டேஷ்போர்டுல கதவு சரியா மூடலன்னா எரியற லைட்டும் வச்சாங்க. கன்வர்ட்டிபிள்ல பின் கதவ தொறந்தா கண்ணாடி தானா கொஞ்சம் கீழ எறங்கி வழி விடும், 1961ல இதெல்லாம் வெறும் ரிலேயையும் சுவிட்சையும் வச்சு பண்ணது. கூரை மொத்தமா மடிஞ்சு டிக்கிக்குள்ள போயிடும், டிக்கி மூடியோ பின்பக்கமா தொறக்கும், கூரை எறக்கி இருக்கறப்ப பெட்டி வைக்க எடம் கிட்டத்தட்ட கெடையாது. நாலு பேர் காத்து வாங்கிட்டு போலாம், லக்கேஜ வேற கார்ல அனுப்பணும்.

தரத்துக்கு அவங்க செஞ்சது தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒவ்வொரு இஞ்சினையும் டைனமோமீட்டர்ல (இஞ்சின் பவர அளக்கற மெஷின்) மூணு மணி நேரம் ஓட்டி, பிரிச்சு பாத்து, திரும்ப பூட்டி, கார முழுசா கட்டி முடிச்சதும் 12 மைல் ரோட்டுல ஓட்டி பாத்து அப்புறம் தான் ஷோரூமுக்கு அனுப்பினாங்க. 2 வருஷம் அல்லது 24,000 மைல் வாரண்டி, அதுவரை அமெரிக்க கம்பெனி எதுவும் தராதது. 7 லிட்டர் வி8, 300 குதிரை, எடை 2,200 கிலோவுக்கு மேல, சின்ன கார்னு சொன்னேனே தவிர லேசான கார்னு சொல்லல. பெட்ரோல் குடிக்கறத பத்தி கேக்காதீங்க.

வாங்கறதா இருந்தா ஏன் 1963ஓட நிறுத்தணும்னு சொல்றேன்னா, 1964ல வீல்பேஸ (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்) 3 இஞ்ச் கூட்டினாங்க, பின் சீட்டுக்கு எடம் வந்துச்சு, நல்லது தான், ஆனா அதே சமயம் வளைஞ்ச ஜன்னல் கண்ணாடிய எடுத்துட்டு தட்டையான கண்ணாடி போட்டுட்டாங்க. பக்கத்துல பக்கத்துல நிறுத்தி பாத்தா தான் வித்தியாசம் தெரியும், தெரிஞ்சப்புறம் கண்ண விட்டு போகாது. 1966ல இன்னும் பெருசாச்சு. 1967ஓட நாலு கதவு கன்வர்ட்டிபிள் முடிஞ்சுது.

கென்னடி சுடப்பட்ட காரும் இது தான், அத சொல்லாம இந்த தலைமுறைய தாண்ட முடியாது. சின்சினாட்டில ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் கம்பெனி 1961 கன்வர்ட்டிபிள வெட்டி நீட்டி செஞ்சது, ஃபோர்ட் அத சீக்ரெட் சர்வீஸுக்கு வருஷம் 500 டாலருக்கு வாடகைக்கு விட்டிருந்துச்சு. மேல மாட்டற பிளாஸ்டிக் கூரை குண்டு துளைக்காத ரகம் கூட இல்ல, 1963 நவம்பர் 22 டல்லாஸ்ல அதுவும் மாட்டாம தான் போனாங்க. கார தூக்கி போட்டிருப்பாங்கனு தான நெனப்போம், இல்ல, கவசம் போட்டு, நிரந்தர கூரை வச்சு, மறுபடி வேலைக்கு அனுப்பி 1977 வரைக்கும் ஜனாதிபதிங்கள ஏத்திக்கிட்டு ஓடியிருக்கு. இப்ப டியர்பார்ன்ல ஹென்றி ஃபோர்ட் மியூசியத்துல இருக்கு. மிச்சிகன்ல கார் கம்பெனிகள்ல வேல பாக்கற நம்ம ஆளுங்க ஏகப்பட்ட பேர் இருக்கீங்க, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா நயாகராவுக்கு கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி இத காட்டிட்டு போங்க. கார காப்பாத்தின மெக்னமாராவும் அதே கென்னடிகிட்ட பாதுகாப்பு மந்திரியா போய் சேந்தார்ங்கறது தனி கதை.

எழுபதுகள். ஃபோர்டுல மேல இருந்த லீ அயகோக்கா தண்டர்பேர்டு சட்டத்து மேல ரோல்ஸ் ராய்ஸ் மாதிரி ஒரு க்ரில்ல மாட்டுங்கனு சொல்லி மார்க் த்ரீ வந்துச்சு, அது நல்லா வித்ததும் லிங்கனுக்கு ருசி கண்டுடுச்சு. அப்புறம் மார்க் ஃபோர், மார்க் ஃபைவ், கார்ட்டியர் எடிஷன், ஜிவான்ஷி எடிஷன், பூச்சி எடிஷன் (துணிக்கடைக்கு போற மாதிரி), பக்கவாட்டுல முட்டை வடிவ குட்டி ஜன்னல், டிக்கில ஸ்டெப்னி இருக்கற மாதிரி ஒரு பொய் மேடு. எட்செலோட கார்ல நெஜ டயர் நின்ன எடத்துல வெறும் தகரம். 1977ல இருந்து 79 வரைக்கும் வந்த கான்டினென்டல் 233 இஞ்ச் நீளம், கிட்டத்தட்ட 6 மீட்டர். 1979ல 6.6 லிட்டர் இஞ்சின்ல இருந்து 159 குதிரை தான் வந்துச்சு, இன்னைக்கு அத ஒரு சாதா குடும்ப கார் சின்ன இஞ்சின்லயே குடுக்குது. ஆனா மேல சொன்னேன்ல கொடுமைனு, மார்க் ஃபைவ் மூணு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல வித்துச்சு. ஜனங்களுக்கு இது தான் புடிச்சுது, நான் என்ன பண்றது. உக்காந்து பாத்தா சோஃபா தான், அத மறுக்கல, ஆனா ஸ்டியரிங்க திருப்பிட்டு வண்டி பதில் சொல்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம்.

எண்பதுகள வேகமா தாண்டிடறேன். 1982ல சின்ன சட்டத்துல, முதுகு கூனின மாதிரி டிக்கியோட ஒன்னு வந்துச்சு, காடிலாக் செவில் பாத்து போட்ட சூடு. 1988ல ஃபோர்ட் டாரஸ் சட்டத்துல முன் சக்கர டிரைவ், 3.8 லிட்டர் வி6, 140 குதிரை, ஏர் சஸ்பென்ஷன். ஹெட் கேஸ்கெட் (இஞ்சினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்) போறதுக்கு பேர் போன இஞ்சின் அது, அதனால யாராவது சும்மா குடுத்தா கூட யோசிங்க. 1995ல வி8 திரும்ப வந்துச்சு, 260 குதிரை, ஓட்ட பரவால்ல, பாக்க ஞாபகத்துல நிக்காத முகம். 2002ல பேரையே நிறுத்திட்டாங்க, அழுதவங்க யாரும் இருந்த மாதிரி தெரியல.

அப்புறம் 2015 நியூயார்க் ஆட்டோ ஷோல திடீர்னு புது கான்டினென்டலோட நீல கலர் கான்செப்ட் கார். பாத்த உடனே பென்ட்லி டிசைனர் லூக் டோன்கர்வோல்க்கே இது எங்க கார் மாதிரி இருக்கேனு ஃபேஸ்புக்ல கிண்டலா போட்டுட்டார். 2017 மாடலா விற்பனைக்கு வந்துச்சு, மஸ்டாங் கட்டற அதே ஃப்ளாட் ராக் ஃபேக்டரில தான் தயாரிப்பு. நண்பர் ஒருத்தர் 3.0 லிட்டர் ட்வின் டர்போ ஆல் வீல் டிரைவ் வச்சிருக்கார், அவர் புண்ணியத்துல முன்னாடி பின்னாடி ரெண்டு எடத்துலயும் உக்காந்தாச்சு. 400 குதிரை, ஆனா அதட்டாம போகும். முன் சீட் 30 விதமா அட்ஜஸ்ட் ஆகும், தொடைக்கு கீழ இருக்கற மெத்தைய கூட எடது காலுக்கு தனியா வலது காலுக்கு தனியா நீட்டிக்கலாம், மொதல்ல இதெல்லாம் எதுக்குனு தோணும், நாலு மணி நேரம் ஹைவேல போனா எதுக்குனு தெரியும். கதவு கைப்பிடி ஜன்னலுக்கு கீழ க்ரோம் கோட்டுலயே ஒளிஞ்சிருக்கு, இழுக்க வேண்டாம், விரல் வச்சு அழுத்தினா எலக்ட்ரிக்கா தொறக்கும். மூடறப்ப சும்மா தள்ளி விட்டா போதும், மிச்சத்த அதுவே பாத்துக்கும். 1961ஓட அடக்கம் இதுல திரும்ப வந்திருக்குனு சொல்வேன், ரிவர்ஸ் கதவு தான் இல்ல.

குறைனா, அடியில இருக்கறது ஃபோர்ட் ஃப்யூஷன் கார் குடும்பத்து முன் சக்கர டிரைவ் சட்டம், அத நீட்டினது, அதனால திருப்பத்துல முன்பக்கம் கனம் தெரியும். 6 கியர் பாக்ஸ், அந்த நேரத்துல போட்டி கார்ல எல்லாம் 8 வந்தாச்சு. சென்டர் கன்சோல்ல சில பட்டன் விலைக்கு ஏத்த மாதிரி இல்ல. 2019ல 80வது வருஷத்துக்குனு நெஜமாவே பின்பக்கமா தொறக்கற கதவோட 6 இஞ்ச் நீட்டி 80 கார் விட்டாங்க, 1 லட்சம் டாலருக்கு மேல, ரெண்டே நாள்ல முடிஞ்சிடுச்சு. அந்த கதவ மொதல் நாள்ல இருந்தே எல்லா கார்லயும் வச்சிருந்தா கதையே வேற மாதிரி போயிருக்கும்னு நான் நம்பறேன். 2020 கடைசில அமெரிக்கால உற்பத்தி நின்னு, இப்ப அங்க லிங்கன் ஷோரூம்ல வெறும் எஸ்யூவி தான்.

வாங்கறவங்களுக்கு: 3.7 வி6 பக்கம் போகாதீங்க, அந்த கார்ல அது தேவையில்லாத சிக்கனம், 2.7 டர்போ போதும், கெடச்சா 3.0. பின் சீட் சாயறதும் சூடு பண்றதும் இருக்கற பேக்கேஜா பாத்து எடுங்க, அது இல்லன்னா இந்த கார வாங்கறதுல பாதி அர்த்தம் போச்சு. டெஸ்ட் டிரைவ் போறப்ப நாலு கதவையும் உள்ளயிருந்தும் வெளியிலயிருந்தும் நாலஞ்சு தடவ தொறந்து மூடி பாருங்க, பேட்டரி செத்துப் போனா உள்ளயிருந்து தொறக்கற மெக்கானிக்கல் லிவர் எங்க இருக்குனு வீட்ல எல்லாருக்கும் காட்டி வைங்க. 1961 வாங்கப் போறவங்க கன்வர்ட்டிபிள் வேண்டாம், செடான் எடுங்க, கூரை ரிலே எல்லாத்தையும் கண்டுபுடிச்சு சரி பண்ற மெக்கானிக் கெடைக்கறது குதிரைக் கொம்பு.