டீலர் மாட்டிய ஏசியோடு ஒரு எம்ஜிபி ஜிடி

ஆஸ்டினில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு காரின் படங்களை அனுப்பிக் கேட்டார்: "அண்ணா, 74 எம்ஜிபி ஜிடி. டீலர் போட்ட ஏசி இருக்கு, நல்லா ஓடுதுன்னு சொல்றாங்க. எடுக்கலாமா?" எம்ஜிபி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஜிடி அதில் கூரை மூடிய வகை; 74 என்றால் 1974-ம் வருட வண்டி. ஹூஸ்டனில் நான் வைத்திருப்பது அதற்கு ஒரு வருடம் மூத்த ஜிடி. அதிலும் டீலர் போட்ட ஏசிதான். அவர் கேட்ட நேரத்தில் என் வண்டி வெல்டிங் கடையிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. பயணி பக்கத் தரைத்தகட்டைப் பாதி வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ஜின், கியர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்கு அதெல்லாம் மனப்பாடம். ஏசி பற்றித்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை.

முதலில் ஒன்று. இங்கிலாந்தில் இந்த வண்டியைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலை எம்ஜிபிக்கு ஒருபோதும் ஏசி போட்டுத் தந்ததில்லை. 1962-லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் வந்தது. டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடாவில் வாங்க வந்தவர்கள் ஏசி கேட்டார்கள். டீலர்கள் வெளியிலிருந்து கிட் வாங்கித் தங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். ஆகவே 'எம்ஜிபி ஏசி' என்று ஒரே மாதிரியான ஒன்று கிடையாது. அன்றைக்கு டிரில்லைப் பிடித்திருந்த மெக்கானிக்கின் கை எப்படியோ, அப்படித்தான் ஏசியும்.

இனி நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. இந்த ஏசி குளிர்கிறது. சும்மா காற்று வரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆகஸ்ட் மாதப் பிற்பகலில், கால்வெஸ்டன் போகும் 45-ம் எண் சாலையில், ஜிடியின் அந்தச் சின்னக் கேபின் பத்து நிமிடத்தில் சில்லிட்டுப் போகும். டாஷுக்கு அடியில் தொங்கும் கறுப்புப் பெட்டியில் திருகுகள் இரண்டே இரண்டு: ஒன்று விசிறிக்கு, ஒன்று குளிருக்கு. காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். இன்றைய கார்களில் திரையைத் தொட்டுத் தொட்டுத் தேட வேண்டியதை இங்கே கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே செய்துவிடலாம். அதற்காக இந்தப் பெட்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அதைச் சும்மா அடையவில்லை. கிட் வந்த காலத்தில் உள்ளே இருந்தது ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு. 1995-ம் ஆண்டோடு அமெரிக்காவில் அதன் தயாரிப்பு நின்றுபோனது. அதற்குப் பதிலாக வந்த 134ஏ-க்கு மாற்றும்போது வெறும் கேஸை மட்டும் மாற்றினால் போதாது. பழைய மினரல் ஆயில் 134ஏ-யோடு கலக்காது, அதனால் எல்லாவற்றையும் கழுவி எஸ்டர் ஆயில் ஊற்றினோம். பழைய ஹோஸ் வழியாகப் புதுக் கேஸ் கசியும், அதற்குத் தடுப்பு உறை உள்ள ஹோஸ் போட்டோம். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாக வைத்தோம். பழைய குழாய்-தகடு கண்டென்சருக்கு 134ஏ-யின் சூட்டைத் தள்ளும் திறன் போதாது, பேரலல் ஃப்ளோ கண்டென்சர் வந்த பிறகுதான் வண்டி சிக்னலில் நிற்கும்போதும் குளிர் குறையாமல் இருந்தது. கூடவே வாயுவை அழுத்தும், இரண்டு பிஸ்டன் போட்ட பழைய கம்ப்ரஸரையும் தூக்கிவிட்டேன். அது இரும்புக் கட்டி. அதை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச் பிடித்தால் என்ஜினே குலுங்கும். இப்போது இருக்கும் ஐந்து பிஸ்டன் சாண்டன் கம்ப்ரஸர் ஓடுவதே தெரிவதில்லை.

இன்னொரு சிக்கல் ரேடியேட்டர். 1976 வரை வந்த எம்ஜிபியில் விசிறி பெல்ட்டில்தான் சுற்றும். என்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் ஓடும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கண்டென்சரை நிறுத்தினால் அதற்குப் போவது ஏற்கெனவே சூடான காற்று. கண்டென்சருக்கு முன்னால் ஒரு மின்விசிறி வைத்து, கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் ரிலே வழியாக அதுவும் ஓடும்படி செய்தோம். தொழிற்சாலை கொடுத்த ஆல்டர்னேட்டர் சின்னது, இவ்வளவு மின்பாரத்துக்கு அது எட்டாது; பெரியது வைத்தாக வேண்டும்.

இதெல்லாம் பழைய வண்டி கேட்கும் செலவு. எனக்கு அதில் வருத்தமில்லை. என் கோபம் தண்ணீர் மேல்.

ஹூஸ்டன் காற்றில் ஈரம் எவ்வளவு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரம் ஏசிப் பெட்டிக்குள் குளிரும் எவாப்பரேட்டரில் பட்டுத் தண்ணீராகிப் பெட்டியின் அடியில் சேரும். அதை வெளியே விட அடியில் இரண்டு பக்கமும் இரண்டு மூக்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, தரை நடுவே கியர்பாக்ஸை மூடி நிற்கும் டனலில் ஓட்டை போட்டு, வண்டிக்கு அடியில் இறக்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் அப்படிச் செய்திருக்கிறார்கள். பயணி பக்கம்? டியூப் இருக்கிறது. ஓட்டை இல்லை. டியூபின் நுனியை அப்படியே கார்ப்பெட்டுக்கு அடியில் செருகிவிட்டு வண்டியை டெலிவரி கொடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, மறுபடியும் காலெல்லாம் ஈரம்" என்று வீட்டில் சொல்லும்போதெல்லாம் டியூப் அடைத்திருக்கும் என்று கம்பி விட்டுக் குத்திப் பார்ப்போம். அடைப்பே இல்லை. டாஷுக்கு அடியில் இருந்த ஏசிப் பெட்டியையும் கார்ப்பெட்டையும் முழுக்கக் கழற்றிய அன்றுதான் அந்த நுனி கண்ணில் பட்டது. கீழே இருந்த அண்டர்ஃபெல்ட்டைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வந்தது. தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரையும் கதவுக்கு அடியில் ஓடும் பக்கவாட்டு சில்லும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அரையங்குல ஓட்டை ஒன்றைப் போடச் சோம்பல்பட்டவர், வண்டியின் எலும்பையே அரிக்கவிட்டுப் போயிருக்கிறார்.

அதே கை வேறு இடத்திலும் வேலை காட்டியிருக்கிறது. ஏசி ஹோஸ் உள்ளே வர என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வாலில் வெட்டிய துளைக்கு குரோமெட் என்ற ரப்பர் வளையம் இல்லை. என்ஜின் சூடு அந்த வழியாக நேராகக் காலுக்கு வரும், ஏசி அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒயரிங் இன்னும் மோசம். இந்த வண்டிகளில் பச்சை ஒயர் ஃபியூஸ் வழியாக வருவது, வெள்ளை ஒயர் இக்னிஷனிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது. இக்னிஷன் காயிலும் பெட்ரோல் பம்பும் வெள்ளை ஒயரில்தான் ஓடும். ப்ளோயருக்கும் கிளட்சுக்கும் வெள்ளை ஒயரிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார்கள். ஏசியில் ஒரு ஷார்ட் ஆனால் ஹைவேயில் வண்டியே நிற்கும், ஒயரும் பற்றிக்கொள்ளலாம்.

நியாயமாகச் சொன்னால் அதே டீலரிடம் வாங்கிய இன்னொரு சாமான் தங்கம். பின்கண்ணாடி மேல் மாட்டிய கறுப்பு லூவர், அதாவது சாய்ந்த பட்டைகள் கொண்ட வெயில் தடுப்பு. ஜிடியின் சாய்ந்த பெரிய பின்கண்ணாடி வழியாக இறங்கும் வெயில்தான் கேபினைச் சுடுவதில் பாதி. லூவர் அதை நிறுத்திவிடுகிறது. வாயு கிடையாது, பெல்ட் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஹீட்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு பித்தளை வால்வு வைத்துக் கோடையில் மூடிவிட்டால் மீதிச் சூட்டிலும் ஒரு பங்கு போய்விடும்.

என்னுடையதில் ஏசியைக் கழற்றப் போவதில்லை. இரண்டு டியூபும் இப்போது வெளியே இறங்குகின்றன, தகடு புதுசு, இந்தச் சனிக்கிழமையே கால்வெஸ்டன் போகிறோம். ஆனால் நண்பருக்கு என் பதில்: டீலர் ஏசி போட்ட வண்டியை எடுக்காதீர்கள். ஏசியே இல்லாத, தரை சுத்தமான ஜிடியைத் தேடுங்கள். புதுக் கிட்டை உங்கள் கண் முன்னால், ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்து மாட்டிக்கொள்ளுங்கள். குளிர் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த 74 மேல்தான் மனசு என்றால், புழுக்கமான நாள் பார்த்துப் போங்கள். ஏசியைப் போட்டு அரைமணி நேரம் நிற்கவைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். டனலின் இரண்டு பக்கமும் தண்ணீர் சொட்ட வேண்டும். ஒரு பக்கம் காய்ந்திருந்தால் அந்தப் பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்க மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.