கிண்டில் இலவச நாட்களா, பிரதிலிபி தொடரா?

நாளைய சர்வாதிகாரத்தையும் அதை எதிர்ப்பவர்களையும் பற்றிய அரசியல் த்ரில்லர் நாவலுக்கு வாசகர் தேட இரண்டு வழிகள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

கேடிபி என்பது எழுத்தாளரே கிண்டிலில் மின்நூல் வெளியிட உதவும் அமேசான் தளம். அதன் செலக்ட் திட்டத்தில் சேர்த்தால், 90 நாட்களுக்கு மின்நூல் அமேசானில் மட்டுமே இருக்க வேண்டும். வெளியே 10 விழுக்காடு வரை மாதிரி காட்டலாம். 60,000 சொல் நாவலென்றால் 6,000 சொற்கள், அதாவது மூன்று நான்கு அத்தியாயங்கள். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. அந்த 90 நாட்களில் 5 நாட்கள் இலவசமாகத் தரலாம். பலர் ஐந்தையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடுகிறார்கள். வெளியீட்டில் இரண்டு, தேர்தல் சூட்டில் மூன்று என்று பிரிப்பதே மேல். அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரக் கணக்கு என்பதால் சலுகை நம் ஊரில் நண்பகலுக்குப் பிறகே தொடங்கும். காலையில் இணைப்பைப் பகிர்ந்தால் வாசகர் விலையைப் பார்த்துத் திரும்பிவிடுவார். இலவசப் பதிவிறக்கத்துக்கு ராயல்டியும் கிடையாது.

கதைகளைத் தொடராக வெளியிடும் இணையத் தளமான பிரதிலிபியில் பணத்தைவிட வாசகரின் பழக்கம் முக்கியம். வாரம் இரண்டு அத்தியாயம், தலா 1,500 சொல். கதையில் வரும் அரசின் கண்காணிப்பு அமைப்பை விளக்கியே முதல் மூன்று பகுதிகளை ஓட்டினால் ஆள் நிற்காது. முதல் பகுதியிலேயே ஒரு கைது நடக்கட்டும்.

முதல் நாவலென்றால் தொடர்தான். முடிந்தபின் செலக்ட் வேண்டுமென்றால் பிரதிலிபியிலுள்ள அத்தியாயங்களை முதலில் நீக்குங்கள். சேர்க்கை தானாகவே புதுப்பிக்கப்படும், அந்தத் தேர்வையும் பார்த்துவிடுங்கள்.