லைட்வெயிட் வீரரின் காலுக்குப் பொருந்துமா இந்த ஷின் கார்டு?

உலகக் கிக்பாக்சிங் சங்கங்களின் கூட்டமைப்பான வாக்கோவின் சர்வதேச அமெச்சூர் கிக்பாக்சிங் போட்டிகளில் 57 கிலோவுக்கு மேல் 60 கிலோ வரை எடையுள்ள ஆண்கள் லைட்வெயிட் பிரிவில் மோதுகிறார்கள். அந்தப் பிரிவின் லோ கிக் (தொடையிலும் உதைக்கலாம் என்ற வகை) ஆட்டத்துக்குப் பயிற்சி எடுத்துவரும் நான், பட்டை வைத்த பழைய ஷின் கார்டு (கணைக்கால் கவசம்) கனமாக இருந்ததால், காலுறையைப் போல இழுத்து மாட்டும் துணி வகையில் நடுத்தர அளவு ஒன்றை வாங்கி, மூன்று மாதங்களாகப் பயன்படுத்துகிறேன்.

எடை குறைவு என்பதில் புகார் இல்லை. இரண்டு நிமிட ரவுண்டுகள் மூன்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு என்ற ஆட்டத்தில், மூன்றாவது ரவுண்டிலும் கால் முதல் ரவுண்டின் வேகத்திலேயே எழ வேண்டும். ஒரே அடியில் எதிராளியைச் சாய்ப்பதைவிடத் தெளிவாக விழும் அடிகளின் எண்ணிக்கையை நம்பி ஆடும் என்னைப் போன்றவர்களுக்கு, காலில் கூடும் ஒவ்வொரு கிராமும் கணக்குத்தான். அந்த வகையில் இது காலில் இருப்பதே தெரியவில்லை.

ஆனால் நின்ற இடத்தில் நிற்கவில்லை. உதைத்துப் பழகும் கனமான பையில் வலது காலால் இருபது முறை ரவுண்ட் கிக் (காலைப் பக்கவாட்டில் சுழற்றும் உதை) அடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால், கணைக்கால் எலும்பின் மேல் இருக்க வேண்டிய பஞ்சு கெண்டைக்காலின் பக்கமாகத் திரும்பியிருந்தது. ஸ்பாரிங் எனும் பயிற்சி மோதலின்போது, எதிராளியின் லோ கிக்கைத் தடுக்கக் காலைத் தூக்கிய நொடியில், எலும்போடு எலும்பு மோதியது. அன்று ஏற்பட்ட வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது.

காரணம் அளவு அட்டவணையில் இருக்கிறது. அதில் உயரத்தை மட்டுமே கேட்கிறார்கள், கெண்டைக்காலின் சுற்றளவைக் கேட்பதில்லை. 60 கிலோவுக்குள் இருக்கும் உயரமான ஆளுக்குக் கால் நீளமாகவும் மெலிந்தும்தான் இருக்கும். நடுத்தர அளவு நீளத்துக்குச் சரியாக இருந்து, சுற்றில் தளர்கிறது. மாற்றி வாங்கிப் பார்த்த சிறிய அளவு இறுக்கமாகப் பிடித்தாலும், முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பை மூடாமல் விட்டுவிடுகிறது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

துணி வியர்வையை உறிஞ்சுகிறது. பயிற்சி முடிந்ததும் பைக்குள் திணிக்காமல் நிழலில் உலர்த்தினால் நாற்றம் தங்குவதில்லை. உள்ளங்காலுக்கு அடியில் போகும் எலாஸ்டிக் மட்டும் பத்துப் பன்னிரண்டு சலவைகளுக்குப் பிறகு தளர்ந்து, பாதத்தின் மேற்புறத்தை மூடும் பகுதி தூக்கிக்கொள்ளத் தொடங்கியது.

கெண்டைக்கால் திரண்டிருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். மெலிந்த கால் உள்ளவர்கள், நடுத்தர அளவை மாட்டி, பத்து முறை காலை வீசிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். நான் இதைத் தனியாகச் செய்யும் வேகப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, ஸ்பாரிங்குக்குப் பின்புறம் இரண்டு வெல்க்ரோ பட்டைகள் உள்ள பழைய ஜோடிக்கே திரும்பிவிட்டேன்.