குவாடல்கனாலும் பெலெலியுவும்: ஒரே டிவிஷன், இரு தீவுகள்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் ஜப்பானியருடன் மோதிய அமெரிக்க முதலாம் மரைன் டிவிஷனின் (கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் படைப்பிரிவு) சாதாரணச் சிப்பாய்க்கு, 1942 ஆகஸ்ட் 7 அன்று குவாடல்கனால் கரையில் பெரிய எதிர்ப்பு இருக்கவில்லை. துன்பம் பின்னர்தான், ஜப்பானியர் விட்டுச்சென்ற அரிசியைக் கொண்டு பசியாறிய நாட்களாகவும் மலேரியாக் காய்ச்சலாகவும் வந்து, டிசம்பர் வரை நீடித்தது. 1944 செப்டம்பர் 15 அன்று இறங்கிய பெலெலியுவிலோ கரையிலேயே குண்டுமழை. பவளப்பாறைத் தரையில் மண்வெட்டி இறங்காததால் பதுங்குகுழி தோண்ட வழியில்லை. நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலில் வந்து சேர்ந்த தண்ணீரோ, சரியாகக் கழுவாத எண்ணெய்ப் பீப்பாய்களில் நிரப்பப்பட்டிருந்ததால், குடித்தவர்களை நோயில் தள்ளியது. மூன்று நான்கு நாட்களில் முடியும் என்று டிவிஷன் தளபதி ரூபர்டஸ் கணித்த சண்டை இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. குவாடல்கனாலில் கைப்பற்றிய விமானத் தளத்தின் பயனை யாரும் மறுப்பதில்லை. பெலெலியு தேவைதானா என்ற விவாதமோ இன்னும் ஓயவில்லை, என்னைக் கேட்டால் தேவையில்லை என்பேன்.