ஈரக் காற்றில் ஒரு கேசட் டெக்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து ஓட்டு வீட்டில் 1989-லிருந்து எங்கள் கேசட் டெக் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வரும்போது ஆம்ப்ளிஃபயர், ட்யூனர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கியது. ஒரு கேசட் மட்டும் போடுகிற வகை. டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி, சி இரண்டும் உண்டு. கம்பெனிப் பெயர் வேண்டாம், ஏனென்றால் இங்கே சொல்லப்போவது எந்த டெக்குக்கும் பொருந்தும். இன்றைக்கும் ஓடுகிறது. காசு கொடுத்து இரண்டாம் கையாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், பரணில் ஒன்றைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் டெக் தேய்ந்து கெட்டதை நான் அதிகம் பார்க்கவில்லை. சும்மா கிடந்து கெட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி தண்ணீர் விடுகிற, தீப்பெட்டி உரசினால் பற்றாத வீடுகள் இவை. அந்த ஈரத்தில் மூன்று மாதம் தொடாமல் வைத்த டெக்கின் பெல்ட் பிசுபிசுக்கும், மோட்டார் இறுகும், பட்டனை அழுத்தினால் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேசட்டின் ஒரு பக்கத்தை முழுசாக ஓடவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஓடும்போது உள்ளே கொஞ்சம் சூடு ஏறும், ஈரம் தங்காது. ஒலி அளவுக் குமிழையும் டால்பி சுவிட்சையும் அந்த நேரத்தில் நாலு தடவை முன்னும் பின்னும் அசைத்துவிட்டால் உள்ளே படிந்திருக்கும் துரு மாதிரியான படலம் விலகும். கரகர சத்தம் அதிலேயே பாதி போய்விடும்.

டெக்குக்குள் நடப்பது ரொம்ப எளிமையான வேலை. கேப்ஸ்டன் என்கிற மெல்லிய எஃகுத் தண்டு சுற்றுகிறது. அதன்மேல் ரப்பர் ரோலர் அழுத்துகிறது. நடுவில் மாட்டிய டேப் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில், ஒலியைப் படிக்கும் ஹெட்டை உரசிக்கொண்டு போகிறது. 1963-ல் பிலிப்ஸ் இந்த கேசட்டை வெளியிட்டதிலிருந்து அந்த வேகம் மாறவில்லை. டேப்பின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே ரோலர் துளி வழுக்கினாலும் காதில் விழும். சினிமாப் பாட்டில் தாளச் சத்தத்தில் மறைந்துவிடும். நாதஸ்வரத்தில் மறையாது. ஒரே சுரத்தில் நீளமாகக் கார்வை நிற்கும்போது ஒலி லேசாக அலைந்தால் டெக்கில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். டெக்கைச் சோதிக்க என்னிடம் இருக்கும் கருவி, உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் பதிவு செய்த நாதஸ்வர கேசட்தான்.

சுத்தம் செய்வதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பிரச்சினை இதிலேயே தீரும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கேசட் வைக்கும் கதவைத் திறந்து, அதன் முன்மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிக்கொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, சொட்டாத அளவுக்கு உதறி, ஹெட்டின் முகத்தை டேப் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு நிறம் வரும். அது டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. பழைய பதிவை அழிக்கும் ஹெட், டேப்பை நேர்ப்படுத்தும் சின்னக் கொம்புகள் எல்லாவற்றையும் துடைத்து, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கேப்ஸ்டன். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் பளபளக்கும் தண்டின் நடுவில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். டேப்பை இழுத்துச் சுருட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த வளையமும், ரோலரில் படிந்த பழுப்புப் பட்டையும்தான். ரோலருக்கு மட்டும் ஆல்கஹாலை அடிக்கடி போடாதீர்கள், ரப்பர் காய்ந்து வெடிக்கும். லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு போதும். பிறகு வெறும் ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் யூடிகோலன் தொட்டுத் துடைத்தார்கள். வாசனையாக இருந்தது, அவ்வளவுதான். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சரக்கும் கலந்திருக்கும். கொரோனா சமயத்து சானிடைசரில் கிளிசரின் உண்டு, அது ஹெட்டில் ஒட்டும். இப்போது செல்போன் ரிப்பேர் கடைக்காரர்களே சுத்தமான ஐசோப்ரொப்பைல் வைத்திருக்கிறார்கள், கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு அது. விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் திறக்கக்கூடாது. துடைத்தது முழுசாக ஆவியாகிப் போன பிறகே ப்ளக்கைச் சொருக வேண்டும்.

டெக்கை எங்கே வைப்பது என்பதில் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மூன்று இடம் ஆகாது. ஒன்று, களத்தைப் பார்த்த ஜன்னல். தை மாதம் சம்பா அறுவடையின்போது நெல் சுணை காற்றில் பறந்து வந்து எல்லாவற்றிலும் படியும். எண்ணெய் தொட்ட பல்சக்கரத்தில் அது ஒட்டினால் பிய்ப்பது கஷ்டம். இரண்டாவது, பூஜை மாடத்துக்குப் பக்கம். சாம்பிராணிப் புகை டெக்குக்குள் மஞ்சளாகப் படிகிறது. மூன்றாவது, ஆம்ப்ளிஃபயரின் தலை. சூடும் ஏறும், டிரான்ஸ்ஃபார்மரின் ம்ம்ம் சத்தமும் ஹெட்டுக்குள் நுழையும். துணி போட்டு மூடுகிறீர்களா, சரி, ஆனால் ஓடும்போது எடுத்துவிடுங்கள். பின்பக்கக் காற்றுத் துளைகளில் பல்லி நுழையும். எங்கள் டெக்கில் அது முட்டையிட்டிருந்தது. முட்டையோடு போனால் பரவாயில்லை, பலகையில் இரண்டு இணைப்பைத் தொட்டுக்கொண்டு பல்லி செத்தால் டெக்கும் சேர்ந்து போகும். மெல்லிய கொசுவலைத் துணியை அந்தத் துளைகளுக்கு வெளியே ஒட்டியிருக்கிறேன், காற்று தடைபடவில்லை.

கரண்ட் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் ஊர் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து வந்த டெக்கின் முதுகில் 110, 220 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை 220-க்கோ 240-க்கோ வைத்து மேலே ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் திருப்பாமல் இருக்க அதுதான் வழி. ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த டெக் 100 வோல்ட்டில் ஓடுவது. அதற்குத் தனி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ப்ளக்கைச் சொருகவே கூடாது. வயலில் பம்புசெட்டுகள் ஓடும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும், ராத்திரி ஏறும். நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். ஃப்யூஸ் போனால் அதே அளவு ஃப்யூஸ்தான், கம்பிச் சுருள் கூடாது, சிகரெட் பெட்டித் தாள் அறவே கூடாது. மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன் ப்ளக் சுவரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். முன்பக்க சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல டெக்குகளில் சுவிட்சை அணைத்த பிறகும் டிரான்ஸ்ஃபார்மர்வரை கரண்ட் நிற்கும். இடி இறங்கும் மாலைகளில் ப்ளக்கையும் ட்யூனரின் ஆன்டெனா வயரையும் சேர்த்தே பிடுங்கிவிட வேண்டும்.

இன்னொன்று, பியானோ கட்டை மாதிரி அழுத்தும் பட்டன் உள்ள பழைய டெக்குகளுக்கு மட்டும். பாட்டு ஓடும்போது கரண்ட் போனால் ப்ளே பட்டன் அப்படியே இறங்கி நிற்கும். ரோலர் கேப்ஸ்டனை அழுத்திக்கொண்டே கிடக்கும். ரப்பரில் ஒரு பள்ளம் விழும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் தெருவிலேயே இப்படி ரோலர் போன டெக்குகள் உண்டு. கரண்ட் போனதும் கை முதலில் ஸ்டாப் பட்டனுக்குப் போக வேண்டும்.

பெல்ட் பற்றி. முப்பது வருட ரப்பர் சில டெக்குகளில் தார் மாதிரி உருகி மோட்டார் புல்லியில் ஒட்டிக்கொள்ளும். கையில் பட்டால் சீக்கிரம் போகாது. எல்லாவற்றையும் ஆல்கஹாலில் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புது பெல்ட் மாட்ட வேண்டும், மிச்சம் இருந்தால் புதுசும் வழுக்கும். அளவுக்குப் பழைய பெல்ட்டின் நீளத்தை நம்பக் கூடாது, அது நீண்டிருக்கும். கொஞ்சம் குறைத்தே வாங்க வேண்டும். எங்கள் டெக்குக்கு பெல்ட் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தது, இப்போது இணையத்திலும் வகைவகையாகக் கிடைக்கிறது. பால் பாக்கெட் ரப்பர் பேண்டை மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும்தான், ஆனால் மேலே சொன்ன நாதஸ்வர கேசட்டைப் போட்டுப் பாருங்கள், கார்வை ஊஞ்சலாடும். எண்ணெய் போடுவதென்றால் கேப்ஸ்டன் தாங்கியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் காலப்போக்கில் பிசினாகிவிடும்.

ஹெட்டில் ஏறிய காந்தத்தை எடுப்பதை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் நான் செய்வதில்லை. டீமேக்னடைசர் குச்சியை டெக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆன் செய்து, மெதுவாகக் கிட்டே கொண்டுபோய், ஹெட்டில் படாமல் காட்டி, அதே மெதுவில் விலகி வந்த பிறகே அணைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தே அணைத்தால் இருந்ததைவிட அதிகம் காந்தம் ஏறும். பதிவு கேசட்டுகள் அறையிலேயே இருக்கக் கூடாது. ஹெட்டின் பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன ஸ்க்ரூவைச் சும்மா திருகிப் பார்க்காதீர்கள். ஹெட் நேராக நிற்பது அதனால்தான். அது அரைக்கால் சுற்று மாறினாலே ஜால்ரா சத்தம் மந்தமாகிவிடும்.

கேசட்டுகளுக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பதில் பாதி கடையில் வாங்கியவை. அவை போனால் போகட்டும், பாட்டு வேறு எங்காவது கிடைக்கும். மீதிதான் முக்கியம். இலங்கை வானொலி இந்தக் கடலோரத்தில் தெளிவாகக் கேட்ட நாட்களில் பிடித்தவை, திருச்சி வானொலியில் திருவையாறு ஆராதனை அஞ்சல் ஒலிபரப்பாக வந்தபோது பிடித்தவை, துபாய்க்குப் போன சித்தப்பாவுக்கு அத்தை பேசி அனுப்பிய கடித கேசட்டுகள். ஆராதனையில் பாடும் பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தும் 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது. ஆரபி ராகக் கீர்த்தனை முடிந்து வராளி தொடங்குவதற்குள் திருப்பிப் போடுவது எங்கள் வீட்டில் ஒரு தனிப் பரபரப்பு. 120 நிமிட கேசட் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். அந்த டேப் மிக மெல்லியது, சிக்கும், நீளும். 60, 90 இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழக்கக் கூடாத கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளை உடனே உடைத்துவிடுங்கள், மேலே யாரும் பதிவு செய்ய முடியாது.

வைக்கும் முறை: பெட்டிக்குள், நிமிர்த்தி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா நல்லது, பொட்டலத்தை அவ்வப்போது காயவைக்க வேண்டும். பாச்சை உருண்டை போடாதீர்கள். அந்த ஆவி கேசட் பெட்டியின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை, பங்குனி வெயிலில் வீடு காய்ந்திருக்கும்போது, ஒவ்வொரு கேசட்டையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டித் திரும்ப வைக்கிறோம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்தது. ஓடு பறந்து ஒரு அலமாரி கேசட் நனைந்துபோனது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனதால் அவசரப்பட்டு யாரும் போட்டுக் கேட்கவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. சேறு படிந்தவற்றை பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரில் அலசி, வெயிலில் வைக்காமல், நிழலில் காற்றில் உலர்த்தினோம். ஸ்க்ரூ போட்ட கூடுகளைத் திறந்து சுருளை வேறு கூட்டுக்கு மாற்றினோம். ஒட்டு போட்ட கூடுகளை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை வந்தது. அதை நல்ல டெக்கில் போடவே கூடாது, ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கு ஏறும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியில் உட்கார்ந்து, போனால் போகட்டும் என்கிற ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் மெல்லிய துணி வழியாக ஓட்டித் துடைத்தோம். எல்லாம் மீளவில்லை. மீண்டவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். ஏற்றும்போது பதிவு செய்த காலத்து டால்பி நிலையிலேயே சுவிட்சை வைக்க வேண்டும், பிறகு சரிசெய்வது பாடு.

சரி, இப்போது ஒன்று வாங்கலாமா? பாட்டு கேட்க மட்டும் என்றால் வேண்டாம், செல்போனே போதும். வீட்டில் நம் குரல் இருக்கிற கேசட் இருந்தால் வாங்கலாம். விற்பவர் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டி, “பாருங்க, சூப்பரா பாடுது தம்பி” என்பார். அதோடு எழுந்துவிடாதீர்கள். 90 நிமிட கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஒரு பக்கம் முழுசும் ஓடவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். டேப் சேர்ந்து சேர்ந்து, அதைச் சுற்றிக்கொள்ளும் சுருள் பெரிதாகிற கடைசி ஐந்து நிமிடத்தில்தான் இழுக்கும் வலு குறைந்த டெக் காட்டிக்கொடுக்கும். வேகம் தள்ளாடும், அல்லது டேப் உள்ளே தொங்கும். அதைத் தாண்டி, கேசட் முடிந்ததும் பட்டன் தானாக மேலே வந்துவிட்டால் விலை பேச ஆரம்பிக்கலாம்.